ரெய்டு போட்டால் பேக்கப் ஆகிவிடாது

வீட்டில் சினிமா, வீடியோக்களைச் சேமித்து வைத்துப் பார்க்கும் மீடியா சர்வரில் ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் ஒருசேர எழுதும் முறை) போட்டுவிட்டு, “இனி பேக்கப் எதற்கு?” என்று நினைப்பது தவறு. ஒரு ஹார்டு டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓடும். ரெய்டு தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த நொடியே இரண்டாவது டிஸ்க்கிலும் அழிந்துவிடும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) புகுந்தாலும் அதே கதை. பவர் சப்ளை பழுதாகி மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்தே போகலாம்.

அதற்காக சர்வரில் இருக்கும் எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டியதில்லை. டிவிடி, ப்ளூரேயிலிருந்து எடுத்த படங்களை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் (முதுகு ஒடியும், சரி). கல்யாண வீடியோவும் குழந்தைகளின் புகைப்படங்களும் அப்படியல்ல. அவற்றைத் தனியாகப் பிரித்து, ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு வீட்டிலோ கிளவுடிலோ இன்னொரு பிரதி வையுங்கள். ரெஸ்டிக் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். ஆனால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை டெலீட் ஆப்ஷனோடு ஓட்டினால், இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். அப்புறம், மீடியா சர்வரை ஓட்ட ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் அதன் டேட்டாபேஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதை எதுவரை பார்த்தோம் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை மீட்டெடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள்.