எந்தக் கடன், ஐயா?

போன மாதம் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். நான் சபைப் போதகர். பல ஊர்ச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் பீடி சுற்றும் ஊர்கள்தான் அதிகம். மடியில் இருந்த சுளகை இறக்கிவைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார் அந்த அம்மா. "இருக்கட்டும்மா, வேலையைப் பாருங்க" என்றேன். மறுநாள் காலை பீடிக் கடையில் கணக்குக் கொடுக்க வேண்டும், இன்னும் பாதிகூட ஆகவில்லை. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். அவர் கண்ணை மூடியிருந்தார். விரல்கள் மட்டும் இலையைச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தன. இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம் சொல்லி ஆமென் போட்டதும் கேட்டார்:

"ஐயா, எங்கள் கடன்களை மன்னியும்னு சொல்லுதோம்லா, அது எந்தக் கடன்?"

"பாவத்தைத்தாம்மா அப்படிச் சொல்லியிருக்கு" என்றேன், பட்டென்று.

"அதான பாத்தேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த இலையை எடுத்தார்.

அவருக்கு மூன்று குழுவில் கடன் இருக்கிறது. வீட்டுக்குக் கூரை மாற்ற ஒன்று, மகள் நர்சிங் படிக்க ஒன்று, அந்த இரண்டின் தவணையைக் கட்ட மூன்றாவது. குழுக் கடன் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற கடன். ஈடு கிடையாது, பத்திரம் கிடையாது. சக பெண்கள்தான் ஈடு. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வசூலுக்கு வருகிறவர் சத்தம் போட வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்து வீட்டுக்காரியே போட்டுவிடுவாள். எங்கள் சபையில் இரண்டு பெண்கள் ஒரு வருடமாகக் கோவிலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கும் சேர்ந்து வருவதில்லை. நான் இருவரையும் கூப்பிட்டு ஒப்புரவாகச் சொல்லி, மத்தேயு ஐந்தாம் அதிகாரம் எல்லாம் வாசித்துக் காட்டினேன். பிறகுதான் தெரிந்தது, நடுவில் நின்றது பொறாமையும் இல்லை, பெருமையும் இல்லை. இரண்டு தவணை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்' என்ற ரோமர் வசனத்தை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காரசாரமாகப் பிரசங்கம் செய்தேன். ஆடம்பரம், வரவுக்கு மீறிய செலவு, எல்லாம் வந்தது. அந்த வாரம் எனக்கே திருப்தியாக இருந்தது. அடுத்த மூன்று வாரம் ஒரு குடும்பம் கோவிலுக்கு வரவில்லை. அந்த வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். அதில் என்ன ஆடம்பரம் கண்டேன் நான்?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவன் நான். அந்த ஜெபத்தில் மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் அப்பட்டமாகக் கடன் என்பதுதான் என்று எனக்குத் தெரியும். லூக்கா அதே வேண்டுதலின் முதல் பாதியில் பாவம் என்று எழுதினாலும், அடுத்த வரியில் 'கடன்பட்டவன்' என்றே வந்துவிடுகிறார். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். கலிலேயாவில் வரிக்கும் விதைக்கும் கடன் வாங்கி நிலத்தை இழந்தவர்கள் அந்த ஜெபத்தைக் கேட்டபோது எதை நினைத்திருப்பார்கள்? பரீட்சையில் இதை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். சுளகுக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் கேட்டபோது வாயில் வரவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம், அதுதான் காரணம்.

வேதத்தில் உபாகமம் 24ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அடகு வாங்கப் போகிறவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, அது ஒருவனுடைய உயிரையே அடகு வாங்குவதற்குச் சமம். ஏழையின் போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நம் காலத்திலும் விதி இல்லாமல் இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் நுண்கடன் வசூலுக்காகக் கூப்பிடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லிவிட்டது. 2025இல் தமிழ்நாடு அரசும் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டது. எங்கள் ஊரில் இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கச் சொல்லும் தசமபாக வசனம் எல்லாருக்கும் மனப்பாடம்.

'கடன் பிரச்சினை தீர விசேஷ ஜெபம்' என்று ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவர்களுக்குப் பிடித்த கதை எலிசா தீர்க்கதரிசியும், கடன்பட்ட விதவையின் எண்ணெய்க் குடமும். எண்ணெய் பெருகியதை மட்டும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பாத்திரம் இரவல் கொடுத்த பிறகுதான் எண்ணெய் பெருகியது. தவிர, அந்த விதவை தீர்க்கதரிசிக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் மனைவி, அதாவது ஊழியக்காரர் வீடு. ஊழியக்காரர் வீட்டிலும் கடன் இருந்தது. எங்கள் வீட்டு ஐயரம்மாவின், அதாவது என் மனைவியின், சங்கிலி இப்போது வங்கி லாக்கரில் இருக்கிறது. லாக்கர் எங்களுடையது இல்லை. மகன் கல்லூரிக் கட்டணம்.

சபையும் ஒரு கடன் நோட்டு வைத்திருக்கிறதே! சபையார் கட்ட வேண்டிய சந்தாவான சங்கக் காணிக்கையின் பாக்கி. கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது கோவிலில் அறிவிப்புச் செய்ய, வந்தால் முதலில் நோட்டைப் புரட்டுகிறோம். பாக்கியைக் கட்டிய பிறகுதான் மற்ற பேச்சு. கஷ்டத்தில் இருக்கிற வீடுகளுக்குப் பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்று போன கமிட்டியில் சொன்னேன். "அப்புறம் எவனும் கட்டமாட்டான் ஐயா" என்றார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, கோவில் கரண்ட் பில்லை யார் கட்டுவது? இருந்தாலும் அடுத்த கமிட்டியிலும் இதையே கேட்கப் போகிறேன்.

போன வாரம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேம்மா. அது பணக் கடனும்தான்" என்றேன். அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அப்பம் செவ்வாக்கிழமை குழு சார் வருவாரு. நீங்களே வந்து அவர்ட்ட சொல்லுதீயளா?"

தவணையை மன்னிக்கச் சொல்லி அந்தப் பையனிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது, அவனும் சம்பளத்துக்கு வருகிறவன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள் வந்து உட்காராதே என்று சொல்லலாம். ரிசர்வ் வங்கி விதியைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய் பத்து மணிக்குப் போகிறேன்.