தடை வீட்டைவிட்டு எழுப்புவதற்குத்தான், வாடகைக்கு இல்லை

அண்ணை, கொரோனா நேரம் அமெரிக்காவில் வாடகையே தள்ளுபடியானது, அதைக் காட்டி வவுனியாவிலும் பழைய பாக்கியைக் கழிக்கலாம் என்று எழுதியிருக்கிறியள். அப்படித் தள்ளுபடி நடக்கேல்லை.

அங்கத்தைய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 செப்டம்பர் 4 முதல் தடுத்தது, வாடகை கட்டாததற்காக ஆட்களை வீட்டைவிட்டு எழுப்புவதை மட்டும்தான். பாக்கி அப்படியே ஏறிக்கொண்டு போனது. ஒப்பந்தத்தில் இருந்தால் தாமதக் கட்டணமும் சேர்ந்தது. வீட்டைச் சேதப்படுத்தியவரை வீட்டுக்காரர் அப்போதும் வழக்கு வைத்து எழுப்பலாம்.

அந்த மையத்தின் உறுதிமொழிப் படிவத்தை இணையத்தில் எடுத்து வாசியுங்கோ. வாடகை தொடர்ந்து கட்டவேணும் என்பது தனக்கு விளங்குகிறது என்று, வாடகைக்கு இருந்தவரே அதில் கையெழுத்து வைத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கவேண்டியிருந்தது. தடை முடிய முழுப் பாக்கியையும் கேட்கலாம் என்றும் அதிலேயே இருக்கு. தள்ளுபடி என்ற கதையை நம்பி எங்கட சனம் பாக்கியைச் சேரவிடக்கூடாது.