எர்த் பின்னை உடைக்கச் சொல்லாதீங்க!

பாட்டுக் கேட்கும் அம்ப் (அம்ப்ளிஃபயர்) ‘ம்ம்ம்’ என்று இரையுது என்று யாராவது சொன்னால் போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வெள்ளவத்தை வரை ஒரே வைத்தியம்தான்: "பிளக்கில எர்த் பின்னை உடைச்சு விடு, நிண்டிடும்." நிற்கும்தான். ஆனால் ட்ரான்ஸ்ஃபோமருக்குள் காப்பு கருகி 230 வோல்ட் இரும்புப் பெட்டியில் ஏறினால், ஆள் தொட முதலே ட்ரிப் சுவிட்சை விழுத்துவது அந்தப் பின்தான். ஒரு இரைச்சலுக்காக அதை உடைக்கச் சொல்வது கொலைபாதகம்.

பவர் சப்ளையில் மின்னைத் தேக்குவது கெப்பாசிட்டர். அடுத்த வைத்தியம், "கெப்பாசிட்டரைக் கூட்டு." பத்தாயிரம் மைக்ரோஃபரட் போட்டவனை இருபதாயிரம் போட வைப்பார்கள். காசுதான் கரையும், இரைச்சல் அப்படியே இருக்கும். பிறகு பழி அம்ப் சிப்பான அப்பாவி ஐசியின் தலையில்!

முதலில் காதைத் தீட்டிக் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் தாண்டினால் அது 100. அடித்தொண்டையில் மெதுவாக ‘ஊம்’ என்றால் 50: எர்த் லூப் (இரண்டு கருவிகளின் எர்த் வயர்கள் ஓடியோ வயரோடு சேர்ந்து ஒரு வளையமாவது), அல்லது ட்ரான்ஸ்ஃபோமரின் காந்தப்புலம். கரகரத்த ‘ர்ர்ர்’ என்றால் 100: பவர் சப்ளை, பெரும்பாலும் அதன் வயரிங். ஒரு ஆர்சிஏ பிளக்கில் (ஓடியோ வயரின் முனை) நடு ஊசியையும் வெளிவளையத்தையும் சேர்த்துச் சோல்டர் பண்ணி இன்புட்டில் குத்துங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் வெளியே. பாட்டு லாப்டொப்பிலிருந்து வந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். நிற்காவிட்டால் வொலியூமைத் திருகுங்கள். இரைச்சலும் கூடிக் குறைந்தால் பிழை பொட்டுக்கு (வொலியூம் திருகிக்கு) முன்னால், அசையாவிட்டால் பின்னால். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் சோல்டரிங் அயனைத் தூக்குகிறார்களே, அதுதான் வயிறெரியுது.

இனி உண்மையான குற்றவாளி: கிரவுண்ட் வயர், அதாவது சர்க்கியூட்டின் பூச்சிய வோல்ட் வயர். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவது ஒரே சீராக அல்ல, விட்டு விட்டுப் பாய்ச்சலாக. அந்தப் பாய்ச்சல் 10 அம்பியர் என்று வையுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 30 சென்ரிமீட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிஓம். அதில் விழுவது 50 மில்லிவோல்ட். அந்தத் துண்டிலேயே இன்புட் கிரவுண்டையும் கொழுவினால், 20 மடங்கு பெருக்கும் அம்ப் அதை 1 வோல்ட்டாக ஸ்பீக்கரில் கொட்டும். இதற்கு எத்தனை கெப்பாசிட்டர் போட்டு என்ன?

ட்ரான்ஸ்ஃபோமரின் சென்டர் டெப்பும் (நடு வயர்) ரெக்டிஃபயரும் நேராகக் கெப்பாசிட்டருக்குத்தான் போக வேண்டும். இரண்டு கெப்பாசிட்டரும் சேரும் இடத்திலிருந்து கட்டையான ஒரே வயர் தனிப்புள்ளி ஒன்றுக்கு. இன்புட் கிரவுண்ட், ஸ்பீக்கர் கிரவுண்ட், போர்ட் கிரவுண்ட் எல்லாம் தனித்தனி வயராக அந்தப் புள்ளிக்கு. ஆர்சிஏ சொக்கெட் பெட்டியில் முட்டக் கூடாது, பிளாஸ்டிக் வொஷர் கட்டாயம். பொட்டைக் கையால் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் அதன் உலோக உடம்புக்கு கிரவுண்ட் இல்லை என்று அர்த்தம். இன்புட் ஷீல்ட் வயரை ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தள்ளி இழுங்கள். ட்ரான்ஸ்ஃபோமரைச் சற்றுத் திருப்பி வைத்தாலும் சில வேளை அடங்கும்.

எர்த் லூப்புக்கும் பின்னை உடைக்காமல் வழி இருக்கு. மெயின்ஸ் எர்த்தைப் பெட்டியில் நேரடியாக போல்ட் போட்டு இறுக்குங்கள். அந்தத் தனிப்புள்ளிக்கும் பெட்டிக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அதற்குச் சமாந்தரமாக 35 அம்பியர் பிரிட்ஜ் ஒன்று: பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்து, ஏசி கால்கள் இரண்டையும் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் கொடுங்கள். சின்ன லூப் மின்னோட்டத்தை ரெசிஸ்டர் கட்டுப்படுத்தும். பெரிய கோளாறு வந்தால் டயோட் வழியாக எர்த்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் சில நூறு ரூபாய். இதைச் சொல்லித்தர ஏன் இத்தனை பேருக்கு வாய் வருகுதில்லை?

பின்னை ஏற்கெனவே உடைத்தவர்கள் இன்றைக்கே பிளக்கை மாற்றுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, ஓம் அளக்க வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மற்றதைப் பெட்டியின் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் அந்த அம்பைப் போடாதீங்க.