முகப்போடு முடிவதில்லை சட்டம்
கேப் டவுனின் போகாப் பகுதியில் விற்பனைக்கு வந்துள்ள பழைய வரிசை வீட்டைப் பற்றிய இக்கட்டுரை, வீதியைப் பார்த்த முகப்பை மாற்றாதிருந்தால் போதும், உட்புறத்தை வாங்குபவர் விருப்பப்படி இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டுத் தேசிய மரபுவளச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 60 ஆண்டுகளைக் கடந்த எந்தக் கட்டடத்தையும், அதன் எந்தப் பகுதியையும், மாகாண மரபு ஆணையத்தின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. முகப்பு வேறு, உட்புறம் வேறு என்று அது பிரிக்கவில்லை. பூச்சு வேலையும் வண்ணம் தீட்டுவதும்கூட அச்சட்டப்படி மாற்றமே. டர்பனில் என் சித்தப்பா வாங்கிய பழைய வீட்டின் தேக்குச் சன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியம் பொருத்த எவரையும் கேட்க வேண்டியதில்லை என்று தரகர் உறுதியளித்திருந்தார். வேலை பாதியில் நிறுத்தப்பட்டு, மழைக்காலம் முழுவதும் அவ்வறைகள் பலகை அடித்தே கிடந்தன. சுவரில் ஈரம் இருந்தால் சிமெண்டு பூசினால் தீரும் என்று இக்கட்டுரையின் கீழ்க் கருத்து எழுதியிருக்கும் அன்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு உலரும் இயல்புடையது, அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் இனப்பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வீடிழந்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், எஞ்சி நிற்கும் இத்தகைய வீடுகளின் ஒவ்வொரு சுவரும் எனக்குப் பெரிதாகவே படுகிறது. வாங்க எண்ணுவோர், இதற்கு முன் செய்த மாற்றங்களுக்கான அனுமதிக் கடிதங்களை விற்பவரிடம் கேட்டுப் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும்.