மெலோ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கார்மெலோ ஆண்டனி (மெலோ) பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் "மோதிரம் எங்கே?" என்று ஆரம்பித்துவிடுகிறார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் பட்டம் வெல்லும் அணி வீரர்களுக்குத் தரும் மோதிரம் அது; மெலோவிடம் இல்லை. போன வாரம் நண்பர்களோடு மறுபடியும் இதே சண்டை. 19 சீசன், 28,289 பாயிண்ட், 10 முறை ஆல்-ஸ்டார், 3 ஒலிம்பிக் தங்கம், 2025இல் கூடைப்பந்துச் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். எல்லாவற்றையும் அந்த ஒரே கேள்வியால் அடித்துவிடுகிறார்கள்.

என்.பி.ஏ. இறுதித் தொடரில் மெலோ ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அது உண்மை, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பந்தை விடமாட்டார், டிஃபென்ஸில் சோம்பேறி, அதனால்தான் ஜெயிக்கவில்லை என்கிறார்கள். என்னைக் கேட்டால் மெலோ கோட்டை விட்டது ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்ட இடங்களில்.

ஜெயிக்கத் தெரியாதவர் என்று சொல்பவர்கள் முதலில் 2003ஐப் பார்க்க வேண்டும். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர். கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் அரையிறுதியில் டெக்சாஸுக்கு எதிராக 33 பாயிண்ட், இறுதியில் கேன்சஸுக்கு எதிராக 20 பாயிண்ட், 10 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கல்லூரியை விட்டு வந்தார். அதற்கு முந்தைய சீசனில் 17 ஆட்டம் மட்டுமே வென்றிருந்த என்.பி.ஏ. அணியான டென்வர் நகெட்ஸ், அவர் வந்த முதல் வருடமே 43 வென்று, சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் பிளேஆஃபுக்குப் போனது. புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவருக்கு முன்னால் டார்கோ மிலிசிச்சை எடுத்த டெட்ராய்ட்டுக்குப் போயிருந்தால் 2004இலேயே மோதிரம் கிடைத்திருக்கும் என்பார்கள். சரி, இருக்கலாம். அது அவர் கையில் இல்லாத விஷயம், அதை விட்டுவிடுவோம்.

அவர் கையில் இருந்தது 2006. நட்சத்திர வீரர்களான லெப்ரான், வேட், பாஷ் மூவரும் அந்தக் கோடையில் குறுகிய கால ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 2010இல் மூவரும் ஒன்றாக, விரும்பிய அணியில் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம் என்ற வசதியோடு. மெலோ நீண்ட ஒப்பந்தம் போட்டார். 22 வயதுப் பையன், கண்முன் பெரிய தொகை, யார்தான் வேண்டாம் என்பார்கள்? தப்பு சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 2010இல் மூவரும் மயாமியில் சேர்ந்தபோது, அதே டிராஃப்டில் வந்த மெலோ டென்வரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

டென்வரும் மோசமான அணி இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2009 மேற்குப் பிரிவு இறுதியில் லேக்கர்ஸை உலுக்கினார்கள். முதல் ஆட்டத்தில் மெலோ 39 எடுத்தார், இரண்டே பாயிண்ட்டில் தோற்றார்கள். முதல் ஆட்டத்திலும் மூன்றாவது ஆட்டத்திலும் கடைசி நேரத்தில் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே போட வேண்டிய பந்தை டிரெவர் அரிசா பறித்துக்கொண்டார். அந்த இரண்டு பாஸையும் போட்டவர் மெலோ இல்லை.

எனக்கு உண்மையில் மனசு ஆறாதது 2011 பிப்ரவரிதான். மெலோவுக்கு நியூயார்க் போக ஆசை. ப்ரூக்ளினில் பிறந்தவர், நியாயமான ஆசை. சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்டாக நியூயார்க் அணியான நிக்ஸில் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் சம்பள விதிகள் மாறப்போகின்றன, சம்பளத் தகராறில் லீகே நிறுத்தப்படும் லாக்அவுட் வரப்போகிறது என்ற பயம். அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் வழியாகப் போனால் பழைய விதிப்படி முழுத் தொகை. அதனால் அவசரப்பட்டார். நிக்ஸ் கொடுத்த விலை: கலினாரி, வில்சன் சாண்ட்லர், ஃபெல்டன், மோஸ்கோவ், அதோடு டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமைகள். தன்னோடு ஆட வேண்டிய ஆட்களையே கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் நிக்ஸின் இன்னொரு நட்சத்திரமான ஸ்டவுட்மையருக்குக் காயம் மேல் காயம். இருந்தும் 2012-13இல் ஆட்டத்துக்கு 28.7 பாயிண்ட் என லீகிலேயே அதிக சராசரி எடுத்து, அணியை 54 வெற்றிக்குக் கொண்டுபோனார். 2000க்குப் பிறகு நிக்ஸ் முதல்முறையாக ஒரு பிளேஆஃப் சுற்றைத் தாண்டியது அந்த வருடம்தான்.

பந்தைப் பிடித்து வைத்துக்கொள்வார் என்ற குறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நிக்ஸில் பல இரவுகள் நான்கு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், மெலோ தனியாக மல்லுக்கட்டுவார். ஆனால் நல்ல பாஸ் கொடுக்க ஆள் இருந்தால் அவர் எப்படி ஆடுவார் என்பதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக் சாட்சி. நைஜீரியாவுக்கு எதிராக 14 நிமிடத்தில் 37 பாயிண்ட், அதில் பத்து மூன்று-பாயிண்டர். பந்து வந்தது, எறிந்தார், அவ்வளவுதான். அந்த மெலோவை ஒரு கிளப் அணியில் முழு சீசன் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை நமக்கு.

2014இல் இன்னொரு வாய்ப்பு. சிகாகோ கூப்பிட்டது. அவர் 124 மில்லியன் டாலருக்கு நிக்ஸிலேயே இருந்துவிட்டார். அந்த ஒப்பந்தக் காலத்தில் நிக்ஸ் ஒருமுறைகூடப் பிளேஆஃப் போகவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு வருத்தத்தோடு எழுதுவதற்குக் காரணம் அவர் ஆடும் விதம்தான். ரிங்குக்குப் பதினைந்து அடி தள்ளி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். மறுகாலை அரை அடி முன்னால் தட்டுவார். எதிரில் இருப்பவர் பின்வாங்கவில்லை என்றால் இன்னொரு தட்டு. அந்த ஆளின் எடை குதிகாலுக்குப் போகும் ஒரு நொடி இருக்கிறதே, அதற்குள் பந்து தலைக்கு மேல் போய் விரலை விட்டுக் கிளம்பியிருக்கும். 2014 ஜனவரி 24, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சார்லட்டுக்கு எதிராக 62 பாயிண்ட். 35 முறை எறிந்து 23 உள்ளே, 10 ஃப்ரீ த்ரோவும் உள்ளே, 13 ரீபவுண்ட், பந்தை எதிரணியிடம் இழந்த டர்ன்ஓவர் ஒன்றுகூட இல்லை. முதல் பாதி முடியும் மணி அடிக்க, பாதி மைதானத்திலிருந்து எறிந்ததுகூட உள்ளே போனது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த எறிதலின்போது எழுந்து நின்றுவிடுகிறேன்.

அப்படிப்பட்டவரை 2018இல் ஹூஸ்டன் பத்தே ஆட்டத்தில் ஓரங்கட்டியது. ஒரு வருடம் எந்த அணியும் கூப்பிடவில்லை. போர்ட்லாண்ட் அழைத்தபோது பெஞ்சிலிருந்து இறங்கி ஆடவும் பிறகு சம்மதித்தார். ஈகோ பிடித்தவர் என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

2023 மே 22 அன்று ஓய்வை அறிவித்தார். அன்று இரவுதான் டென்வர், லேக்கர்ஸை அந்தத் தொடரில் நான்காவது முறையாகத் தோற்கடித்து, வரலாற்றில் முதல்முறையாக என்.பி.ஏ. இறுதிக்குப் போனது. மெலோ டென்வரில் போட்டிருந்த 15ஆம் எண் சட்டையில் டென்வரின் நட்சத்திரம் யோகிச் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜமால் மர்ரே. 2011 டிரேடில் நியூயார்க்கிடமிருந்து வாங்கிய டிராஃப்ட் உரிமையில் டென்வர் எடுத்த பையன்.