சேர்ந்து எடுக்கும் வீடு எப்போதும் மலிவு இல்லை
படிக்கிற நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஆளுக்குக் கால்பங்கு வாடகைதான் என்று மாணவர் தங்குமிடம் பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பது, நாலு பேரும் கடைசி வரை இருந்தால்தான் சரி. எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் ஒவ்வொருவரும் முழு வாடகைக்குமே பொறுப்பு, தன் பங்குக்கு மட்டும் இல்லை. நான் படித்தபோது எங்களோடு இருந்த ஒருவன் படிப்பை நடுவிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான், அடுத்த மாதம் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எங்கள் கையெழுத்துகளுக்கு மேலே இருந்த வரியை விரல் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான், மீதி இருந்தவர்கள்தான் அவன் பங்கையும் கட்டினோம். மேலே கருத்து எழுதிய ஒருவர், யார் எவ்வளவு கட்டுவது என்று நண்பர்களுக்குள் எழுதி வைத்துக்கொண்டால் போதும் என்கிறார். அது பிறகு விலகிப் போனவரிடம் பணத்தைக் கேட்டு வாங்க உதவும், ஆனால் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. அறைக்கு அறை தனி ஒப்பந்தம் போடுகிற இடம் கிடைத்தால், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுக்கச் சொல்வேன். கிடைக்கவில்லையா, ஒருவர் விலகினால் வேறு ஆளைச் சேர்க்கலாமா, யார் சம்மதிக்க வேண்டும், போகிறவரின் முன்பணத்தை யார் திருப்பித் தருவது என்பதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், ஒப்பந்தம் 12 மாதம், வகுப்பு 10 மாதம் என்றால் அந்த 2 மாத வாடகையும் கணக்கில் வரும், அந்த நேரத்தில் உள்வாடகைக்கு, அதாவது நாமே வேறொருவருக்கு வாடகைக்கு, விட அனுமதி உண்டா என்பதையும் அதோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள்.