ஹோ சி மின் வேலை கேட்டு எழுதிய கடிதங்கள்

1911 செப்டம்பர் 15. பிரான்சின் துறைமுக நகரமான மார்சேயில் இருந்து 21 வயதுப் பையன் ஒருவன் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவருக்கு மனு எழுதுகிறான். காலனி அதிகாரிகளை உருவாக்கும் பள்ளியில் தனக்கு இடம் வேண்டும், படித்து பிரான்சுக்கும் தன் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்கிறான். இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் உலகம் அவனை, பிரெஞ்சுக் காலனியாக இருந்த வியட்நாமின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் என்று அறிந்தது.

"சீட்டு கிடைத்திருந்தால் வெள்ளைக்காரனிடம் உத்தியோகம் பார்த்திருப்பார்" என்று இதை வைத்து மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. அவரை நேசிக்கிற சிலர் இந்தக் கடிதத்தைப் பேசவே கூச்சப்படுகிறார்கள். ஏன் கூச்சப்பட வேண்டும்?

அப்பா அதிகாரியாக இருந்து பதவி பறிபோனவர். பையன் 'வான் பா' என்று பெயர் சொல்லி, அதே 1911 ஜூன் 5-ல் சைகோனில் கப்பல் ஏறினான். சமையல்கட்டில் எடுபிடி வேலை. நானும் வளைகுடாவில் ஓட்டல் கிச்சனில் மூன்று வருடம் இருந்தவன். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்து, அண்டா தேய்த்துவிட்டுப் படுக்கும்போது, இதைவிட நல்ல வேலைக்கு எப்படிப் போவது என்பதுதான் மனசில் ஓடும். அது துரோகம் இல்லை.

1912 டிசம்பரில் நியூயார்க்கிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் அப்பாவுக்கு ஒரு சின்ன உத்தியோகம் போட்டுத் தரச் சொல்லிக் காலனி நிர்வாகத்திடம் கேட்கிறார். கடல் கடந்து போன எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கடிதம் புரியும். எனக்கு அவர் மிக நெருக்கமாகத் தெரிவது அதில்தான்.

அப்புறம் லண்டன். கார்ல்டன் ஓட்டல் இருந்த இடத்தில் இன்று நிற்கிற நியூசிலாந்து ஹவுஸ் சுவரில், அவர் அங்கே வேலை பார்த்ததாகச் சொல்லும் பலகை பதித்திருக்கிறார்கள்.

1919-ல் பாரிசில் மறுபடி ஒரு மனு. இந்த முறை தனக்காகவோ அப்பாவுக்காகவோ இல்லை. முதல் உலகப் போர் முடிந்து நடந்த வெர்சாய் சமாதான மாநாட்டுக்குத் தோழர்களோடு சேர்ந்து எட்டு கோரிக்கைகள் வைத்தார். அதில்கூடத் தனி நாடு கேட்கவில்லை. சட்டத்தின் முன் சமத்துவம், பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை, இப்படித்தான். அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் தூர் நகரில் நடந்த பிரெஞ்சு சோஷலிஸ்ட் கட்சி மாநாட்டில் அவர் கம்யூனிஸ்ட்டுகள் பக்கம் நின்றதை, கடிதம் மேல் கடிதம் போட்டுப் பார்த்த ஒருவரின் முடிவாகவே நான் பார்க்கிறேன்.

அப்போதும் வயிற்றுப்பாடு இருந்தது. மனுவின் அடியில் போட்ட அதே நுயென் ஐ குவோக் என்ற பெயரில், ஒரு தொழிற்சங்கப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: குடும்பப் போட்டோக்களுக்கு டச்சப் செய்து தரப்படும்.